ஒரே மண், ஒரே கை



தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது வில்லியனூர்ப் பக்கம் போனால், சாலையோரத்தில் புதுப் பானைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கார்த்திகை என்றால் அகல் விளக்கு, தை என்றால் பொங்கல் பானை, சித்திரை வெயில் ஏறினால் தண்ணீர்ப் பானை. பானை வாங்க வரும் நம் பாட்டிமார் முதலில் விலை கேட்க மாட்டார்கள். ஒரு கையில் பானையைத் தூக்கிப் பிடித்து, மறு கையின் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். 'கணீர்' என்று ஒலித்தால் நன்றாக வெந்த பானை. சத்தம் மந்தமாக வந்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று எங்கோ ஓடுகிறது என்று பொருள்.

சீராக்கின் ஞான நூலை எழுதியவரும் இதை அறிந்திருந்தார். குயவர் செய்த கலத்தின் தரத்தைச் சூளை காட்டிக் கொடுப்பதுபோல, மனிதரின் தரத்தை அவருடைய பேச்சு காட்டிக் கொடுக்கும் என்பது அந்நூலின் 27ஆம் அதிகாரத்தில் அவர் தரும் எண்ணம். நம்மையும் ஆண்டவர் அவ்வப்போது தட்டிப் பார்க்கிறார். நம்மிடமிருந்து என்ன ஒலி வருகிறது? இந்தக் கேள்வியோடு, விவிலிய காலத்துக் குயவரின் வீட்டுக்கும் நம் ஊர்க் குயவரின் வீட்டுக்கும் இன்று ஒரு பயணம் மேற்கொள்வோம்.

அரிக்கமேட்டில் கிடைத்த பெயர்கள்

இயேசு நாசரேத்தூரில் தச்சு வேலை செய்துகொண்டிருந்த நாள்களில் நம் புதுச்சேரி மண் எப்படி இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அதற்கு விடை அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் புதைந்து கிடந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, உள்ளூர்ப் பானை ஓடுகளுக்கு இடையே பளபளப்பான சிவப்புத் தட்டுகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அவை இத்தாலி நாட்டு அரெட்சோ நகரின் பாணியில் செய்யப்பட்ட கலங்கள். ஏறத்தாழ ஆண்டவர் இயேசு பிறந்து வளர்ந்த காலத்தைச் சேர்ந்தவை. அவற்றின் அடியில் 'விபி', 'கமுரி', 'இட்டா' என்று, செய்த பட்டறைகளின் பெயர்கள் முத்திரையாகப் பதிந்திருந்தன. அந்தப் பெயர்களைக் கொண்டே அரிக்கமேட்டின் காலத்தை வீலர் கணித்தார்.

இரு கைப்பிடியும் கூர்மையான அடியும் கொண்ட நீண்ட மதுச் சாடிகளின் துண்டுகளும் அங்கே ஏராளமாகக் கிடைத்தன. ஏகன் கடலில் உள்ள கோசு தீவின் வகையைச் சேர்ந்த சாடிகள் அவற்றுள் மிகுதி. இந்தக் கோசு தீவு நமக்குப் புதிய பெயரன்று. திருத்தூதர் பவுல் எருசலேமுக்குக் கப்பலில் திரும்பும் வழியில் அத்தீவுக்கு வந்து சேர்ந்தார் என்று திருத்தூதர் பணிகள் 21ஆம் அதிகாரம் கூறுகிறது. பவுல் பயணம் செய்த கடல்வழிகளில் ஏற்றப்பட்ட சாடிகள் நம் ஊர் ஆற்றங்கரையில் இறக்கப்பட்டன! அதே மேட்டில், தமிழ்ப் பிராமி எழுத்தில் நம் முன்னோர் தங்கள் பெயர்களைக் கீறி வைத்த பானை ஓடுகளும் கிடைத்தன. 'இது என்னுடையது' என்று யாரோ ஒருவர் எழுதி வைத்த அடையாளங்கள் அவை.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் தங்கக் காசோ பட்டுத் துணியோ அவ்வளவாக எஞ்சவில்லை. எஞ்சியவை பானை ஓடுகள். மண் கலம் எளிதில் உடையும், ஆனால் அதன் ஓடு மக்காது. யூதேயாவிலும் இதே நிலைதான். 1935இல் இலாக்கீசு என்ற பழைய அரண் நகரில் ஸ்டார்க்கி என்ற ஆய்வாளர் மையால் எழுதப்பட்ட பானை ஓடுகளைக் கண்டெடுத்தார். பாபிலோனியப் படை யூதாவை நெருக்கிக்கொண்டிருந்த கடைசி நாள்களில் ஒரு காவல் அதிகாரி தம் மேலதிகாரிக்கு அனுப்பிய செய்திகள் அவற்றில் இருந்தன. அதாவது, இறைவாக்கினர் எரேமியா எருசலேமில் வாழ்ந்த அதே நாள்கள். கடிதம் எழுதத் தோல் சுருள் கிடைக்காத ஏழைக்கு உடைந்த பானையே காகிதமாயிற்று.

மண் கலமாகும் வழி

வில்லியனூர் வழியே சங்கராபரணி ஓடுகிறது. ஊசுட்டேரி அருகில் இருக்கிறது. தெற்கே பாகூர்ப் பெரிய ஏரியும் தென்பெண்ணையும் இருக்கின்றன. தண்ணீர் நின்று வற்றும் இடத்தில்தான் வண்டல் படியும், வண்டல் படியும் இடத்தில்தான் குயவரின் தொழில் தழைக்கும். நம் பாகூரின் நெல்லுக்கும் வில்லியனூரின் பானைக்கும் தாய் ஒன்றே, அது ஏரி மண்.

அந்த மண்ணை வெட்டி வந்தவுடன் பானை செய்துவிட முடியாது. கல்லும் வேரும் பொறுக்கி, தண்ணீர் விட்டு ஊற வைத்து, மணல் கலந்து, காலால் மிதித்து மிதித்துப் பிசைய வேண்டும. காற்றுக் குமிழி ஒன்று உள்ளே தங்கினாலும் சூளையில் கலம் வெடித்துவிடும். மண்ணை மிதிப்பதைப் பார்க்கும் குழந்தைக்கு அது கொடுமையாகத் தோன்றலாம். மிதிக்காமல் விட்டால்தான் உண்மையில் கொடுமை நேரும் என்பது குயவருக்குத் தெரியும்.

பிறகு மண் சக்கரத்தில் ஏறுகிறது. எரேமியா 18ஆம் அதிகாரத்தில் குயவரின் சக்கரத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'இரண்டு கற்கள்' என்ற பொருள் தருவது. சக்கரம் கல்லால் ஆனது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம், காலால் சக்கரத்தைச் சுழற்றி, கையால் களிமண்ணை வடிவமைத்து, கலத்தை மெருகிட்டு முடிக்கும்வரை கண்ணுறங்காமல் சூளையைத் துப்புரவு செய்யும் குயவரை நம் கண்முன் நிறுத்துகிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் எருசலேம் அறிஞர் ஒருவர், தம் தெருவில் இருந்த தொழிலாளியை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்!

நம் ஊர்ப் பானைத் தொழிலில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுக்கும்போது நம் பானைக்கு அடிப்பகுதி இருக்காது, சுவரும் தடிமனாக இருக்கும். சற்று உலர்ந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு கையில் வழவழப்பான கல்லைத் தாங்கலாகப் பிடித்து, வெளியே மரப் பலகையால் தட்டித் தட்டி அடிப்பகுதியை மூடுவார்கள். தட்டத் தட்டப் பானை விரியும், சுவர் மெலியும், வயிறு உருண்டு வரும். வெளியே நிற்பவருக்கு அடி விழும் ஓசை மட்டுமே கேட்கும். அடி விழும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளே ஒரு கை தாங்கி நிற்பதைப் பானை மட்டுமே அறியும்.

நோயாலும் கடனாலும் பிள்ளைகளின் கவலையாலும் அடிபட்டுக்கொண்டிருக்கும் நம் குடும்பங்களுக்கு நாம் சொல்லக்கூடிய ஆறுதல் இதுதான். எல்லா அடியும் கடவுள் கொடுப்பது என்று நாம் சொல்லவில்லை. மனிதர் மனிதருக்குச் செய்யும் அநீதியைக் கடவுள் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆனால் அடி எங்கிருந்து வந்தாலும், உள்ளே தாங்கும் கை அவருடையது.

தொடக்க நூல் 2ஆம் அதிகாரத்தில், கடவுள் மண்ணிலிருந்து மனிதரை உருவாக்கினார் என்று வாசிக்கிறோம். அங்கே 'உருவாக்கினார்' என்பதற்கு வரும் எபிரேயச் சொல் 'யாட்சார்'. 'குயவர்' என்பதற்கான சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்த 'யோட்சேர்'. ஆக, திருநூலின் தொடக்கத்தில் கடவுள் நம் முன் தோன்றும்போதே குயவரின் வேலையைச் செய்கிறார். அரசரின் வேலையையோ வணிகரின் வேலையையோ அங்கே அவர் செய்யவில்லை. கையில் சேறு படும் வேலையைச் செய்கிறார்.

எரேமியா பார்த்த இரண்டு காட்சிகள்

எரேமியாவைக் குயவர் வீட்டுக்குப் போகும்படி ஆண்டவர் அனுப்புகிறார். அங்கே சக்கரத்தின்மேல் ஒரு கலம் கோணிப் போகிறது. குயவர் அதைத் தூக்கி எறியவில்லை. அதே மண்ணைத் திரும்பவும் திரட்டி வேறொரு கலமாக வனைகிறார். இது 18ஆம் அதிகாரம். இதைப் பற்றி நாம் பலமுறை மறையுரை கேட்டிருக்கிறோம், பாடியும் இருக்கிறோம்.

ஆனால் அடுத்த அதிகாரத்தை நாம் அவ்வளவாக வாசிப்பதில்லை. 19ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எரேமியாவிடம், சுட்டு முடித்த ஒரு மண் கலயத்தை விலைக்கு வாங்கச் சொல்கிறார். மக்களின் மூப்பர்களையும் மூத்த குருக்களையும் அழைத்துக்கொண்டு, உடைந்த ஓடுகளின் வாயில் அருகே உள்ள பென் இன்னோம் பள்ளத்தாக்குக்குப் போகிறார். அவர்கள் கண்ணெதிரே கலயத்தைப் போட்டு உடைக்கிறார். உடைந்த குயக்கலத்தைச் சீராக்க முடியாததுபோல இந்த நகரும் நொறுக்கப்படும் என்று அறிவிக்கிறார். கி.மு. 587இல் எருசலேம் அப்படியே வீழ்ந்தது.

இரண்டு காட்சிகளுக்கும் இடையில் என்ன நடந்தது? சூளை நடந்தது. ஈர மண்ணை எத்தனை முறையும் மாற்றி வனையலாம். வெயிலில் காய்ந்துபோன பச்சைப் பானையைக்கூடத் தண்ணீரில் போட்டால் கரைந்து மீண்டும் களிமண்ணாகிவிடும். தீயில் வெந்தபின் அது திரும்பி வராது. ஆயிரம் நாள் தண்ணீரில் ஊறினாலும் ஓடு ஓடாகவே கிடக்கும்.

எருசலேம் மக்கள் உள்ளத்தில் இறுகிப் போனார்கள் என்பதே இறைவாக்கினரின் துயரம். இறுகிப் போவது ஒரே நாளில் நடப்பதில்லை. 'இதெல்லாம் எங்கள் வழக்கம்', 'எங்கள் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான்', 'இதில் சாமியார் தலையிடக் கூடாது' என்று சொல்லிச் சொல்லியே நாம் இறுகுகிறோம். எந்தக் காரியத்தில் நாம் இப்படிப் பேசுகிறோமோ, அந்தக் காரியத்தில்தான் சூளை மூட்டப்பட்டுவிட்டது.

யாருடைய கலம், யார் குடிப்பது

மோசேயின் சட்டத்தில் மண் கலத்துக்கு ஒரு தனி விதி உண்டு. தீட்டுப்பட்டால் மரக் கலத்தைக் கழுவலாம், மண் கலத்தையோ உடைத்துவிட வேண்டும் என்கிறது லேவியர் நூல். மண் கலம் உறிஞ்சும் தன்மை கொண்டது, உள்ளே போனது வெளியே வராது என்பது அதன் பின்னுள்ள எண்ணம். கல் சாடிக்குத் தீட்டு ஒட்டாது என்று யூதர் கருதினர். கானா ஊர்த் திருமண வீட்டில் தூய்மைச் சடங்குக்கு வைத்திருந்தவை கல் சாடிகள் என்று யோவான் குறிப்பிடுவது இதனால்தான்.

இந்தப் பின்னணியில் யோவான் 4ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசிப்போம். சமாரியப் பெண் குடத்தோடு கிணற்றுக்கு வருகிறார். இயேசுவிடம் மொள்ளப் பாத்திரம் இல்லை. அவர் தண்ணீர் கேட்கிறார். சமாரியர் பயன்படுத்திய பாத்திரத்தில் யூதர் வாய் வைப்பதில்லை. அந்தப் பெண் திகைத்தது அதற்காகவே. ஆண்டவரோ அவருடைய குடத்திலிருந்தே தண்ணீர் கேட்டார். பின்னர் அந்தப் பெண் குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினார். அவர் போட்டுவிட்டுப் போன அந்தக் குடத்தை நாம் வெறும் குடமாக எண்ணிவிட வேண்டாம். எத்தனையோ தலைமுறைகளின் பிரிவினை அதில் இருந்தது.

தனிக் குவளையும் தனிப் பாத்திரமும் நமக்குத் தெரியாத கதையா? நம் திருச்சபையும் இதற்கு விலக்கன்று. 1745 அக்டோபரில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்திருக்கிறார். அன்றைய புதுச்சேரி சம்பா கோவிலுக்குள், ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவ மக்களைத் தனியே நிறுத்தும் சுவர் ஒன்று இருந்தது. அந்த மக்கள் குருவிடம் சென்று, நாங்களும் உங்கள் சீடர்கள்தாமே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. கேட்டவர்கள் மண்ணைப் போல மிதிக்கப்பட்டவர்கள். அன்று ஆலயத்துக்கு நற்செய்தி அறிவித்தவர்களும் அவர்களே.

சுவர் இடிந்து 275 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் நாங்கள் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில், பெயர் வேண்டாம், கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. அருகில் உள்ள வழியில் ஒரு தெருவாரின் பிணம் போகலாம். மற்றத் தெருவாரின் பிணம் வயல் வரப்பைச் சுற்றித்தான் போக வேண்டும். ஐப்பசி மழையில், முழங்கால் சேற்றில், ஒரு முதியவரின் பெட்டியைத் தூக்கிச் சென்றவர்களோடு நாங்களும் நடந்தோம். பெட்டி இரண்டு முறை சரிந்தது. அன்று நாங்கள் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அடக்கச் சடங்கு செபங்களை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினோம். அந்த மௌனம் இன்றும் எங்களைத் தட்டிப் பார்க்கிறது. எங்களிடமிருந்தும் 'கணீர்' என்ற ஒலி வரவில்லை என்பதை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம்.

குயவன் நிலம்

நற்செய்தியில் குயவர் கடைசியாகப் பேசப்படுவதும் ஒரு கல்லறையைப் பற்றித்தான். யூதாசு திருப்பி எறிந்த முப்பது வெள்ளிக் காசுகளைக் கோவில் காணிக்கையோடு சேர்க்கக் கூடாது என்று தலைமைக் குருக்கள் முடிவு செய்கிறார்கள். அதைக் கொண்டு குயவன் நிலத்தை வாங்கி, அன்னியரை அடக்கம் செய்யும் இடமாக்கினார்கள் என்று மத்தேயு 27ஆம் அதிகாரம் கூறுகிறது.

இந்தச் செய்தியை ஆழ்ந்து நோக்குவோம். ஆண்டவருடைய உயிருக்குக் கொடுக்கப்பட்ட விலையில் இம்மண்ணில் வாங்கப்பட்ட ஒரே சொத்து ஒரு கல்லறைத் தோட்டம். அதுவும் யாருக்கும் சொந்தமில்லாதவர்களுக்கான கல்லறைத் தோட்டம். விற்றவர்களும் வாங்கியவர்களும் வேறு எதையோ எண்ணிச் செய்தார்கள். ஆனால் அவருடைய விலை, இடமில்லாதவருக்கு இடமாயிற்று. அப்படியிருக்க, அவர் பெயரைத் தாங்கிய நாம் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் எழுப்பலாமா? போகும் பாதையைப் பிரிக்கலாமா?

நம் முன்னோர் இறந்தவரைத் தாழியில் வைத்துப் புதைத்தார்கள். நம் பகுதியில் முத்திரைப்பாளையத்திலும் சுத்துக்கேணியிலும் பழங்கால ஈமக் கலங்களைக் கசால் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அகழ்ந்து எடுத்திருக்கிறார். பிறந்த குழந்தைக்கு வெந்நீர் வைத்ததும் குயவர் செய்த பானை, இறந்த பெரியவருக்குக் கடைசி வீடானதும் குயவர் செய்த தாழி. இன்றும் நம் கிராமங்களில் இந்துச் சகோதரர்கள் இறுதிச் சடங்கில் நீர்க்குடத்தைத் தோளில் சுமந்து சுற்றி வந்து உடைக்கிறார்கள். சபை உரையாளர் நூலின் 12ஆம் அதிகாரமும் சாவைப் பற்றிப் பேசும்போது, நீரூற்றின் அருகே உடையும் குடத்தைத்தான் நினைவூட்டுகிறது. உடைந்த ஓட்டைப் பார்த்து, இது எந்தத் தெருப் பானை என்று யாராவது சொல்ல முடியுமா?

பானை செய்தவரை மறவாதிருப்போம்

மண்ணைப் பற்றிப் பேசிவிட்டு, அதைத் தொட்ட கைகளை மறந்துவிடுவது முறையன்று. குலாலர், உடையார், வேளார் என்று பல பெயர்களில் நாம் அழைக்கும் இக்குடும்பங்களின் கைத்திறனால் வில்லியனூர் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெருமைதான். ஆனால் தொழில் செய்பவர்களின் பிள்ளைகள் பலர் சக்கரத்தை விட்டுவிட்டார்கள். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. மண் எடுக்க ஏரிக்குப் போனால் அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கிறது.

சீராக்கின் நூல் குயவரைப் பற்றிச் சொல்லி முடிக்கும்போது, இவர்களை ஊர்மன்றத்துக்கு யாரும் அழைப்பதில்லை, ஆனால் இவர்கள் இல்லாமல் எந்த நகரும் குடியிருப்புக்கு ஆகாது என்ற கருத்தைத் தருகிறது. அவர்கள் செய்யும் தொழிலே அவர்களுடைய வேண்டல் என்றும் கூறுகிறது. இவ்வாண்டு பொங்கலுக்குப் பித்தளைப் பானையை எடுத்து வைத்துவிட்டு, ஒரு மண் பானை வாங்குவோம். பேரம் பேசாமல் வாங்குவோம்.

உடைந்ததற்கும் ஒரு வழி

'சாமி, எங்கள் மனம் ஏற்கெனவே இறுகிவிட்டது, உடைந்தும் விட்டது, இனி என்ன செய்வது?' என்று கேட்பவர்கள் இருக்கலாம். பழங்காலக் குயவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உடைந்த ஓடுகளை இடித்துத் தூளாக்கி, புதுக் களிமண்ணோடு கலப்பார்கள். ஏற்கெனவே தீயைக் கண்ட அந்தத் தூள், புதுக் கலம் சூளையில் வெடிக்காமல் காக்கும். இசுரயேல் நாட்டில் மழைநீர்த் தொட்டிகளின் சாந்திலும் ஓட்டுத்தூளைச் சேர்த்தார்கள், தண்ணீர் கசியாமல் நிற்பதற்கு. நம் பழைய வீடுகளின் தளத்திலும் சுண்ணாம்போடு செங்கல் தூளைக் கலந்தது இதற்காகத்தான். தானாகத் தண்ணீரைத் தாங்க முடியாமல் போன ஓடு, தூளானபின் ஊருக்கே தண்ணீரைத் தாங்குகிறது.

ஆனால் அதற்கு ஓடு இடிபட வேண்டும். நம் பெருமை, நம் தெருப் பெயர், நம் வழக்கம் எல்லாம் தூளாக வேண்டும். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் திருத்தூதர் பவுல், நற்செய்தி என்னும் செல்வம் நம்மிடம் மண் கலத்தில் வைக்கப்பட்டிருப்பதாக எழுதினார். அந்த வல்லமை நம்முடையதன்று, கடவுளுடையது என்பது தெரியவேண்டும் என்பதற்காகவே அது மண் கலத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கலத்தின் பெருமையைப் பேசும் இடத்தில் செல்வம் மறைந்துபோகும்.

வில்லியனூர் லூர்து அன்னையின் திருத்தலத்துக்கு எல்லாச் சமயத்தாரும் எல்லாத் தெருவாரும் வருகிறார்கள். ஆலயத்துக்கு எதிரே உள்ள ஒரே குளத்தின் படிகளில் இறங்கி, அதே தண்ணீரை அள்ளுகிறார்கள். அந்தப் படியில் நிற்கும்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்தக் குளத்தங்கரையில் இயல்பாக இருக்கும் ஒன்று, நம் ஆலயப் பீடத்திலும் திருவிழாத் தேரிலும் கல்லறைப் பாதையிலும் ஏன் இயல்பாக இல்லை என்று இந்த வாரம் ஒவ்வொரு அன்பியமும் கூடிப் பேசட்டும்.

எங்களை மண்ணிலிருந்து வனைந்த ஆண்டவரே, இன்னும் ஈரம் மிச்சமிருக்கும்போதே எங்களை உம் கையில் எடுத்துக்கொள்ளும். இறுகிப் போன இடங்களை இடித்துத் தூளாக்கும். அந்தத் தூளையும் வீணாக்காமல், வரப்போகும் தலைமுறையின் கலத்தில் கலந்து வனைந்தருளும். ஆமென்.